முதுமைக்கும் ஒரு சந்தா



எங்கள் ஊர்களில் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா கட்டாத வீடுகள் மிகக் குறைவு. தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் பிடுங்குகிற பெண்ணும், வீட்டிலிருந்து இடியப்பம் அவித்து விற்கிற பெண்ணும், எந்தச் செலவைத் தள்ளி வைத்தாலும் அந்தச் சந்தாவைத் தள்ளி வைப்பதில்லை. பெட்டிக்கும் பந்தலுக்கும் பறைக்கும் அயலவரிடம் கை நீட்டக்கூடாது என்பது எங்கள் பெண்களின் ரோசம். அது நல்ல ரோசம்தான்.

ஆனால் மாதர் சங்கக் கூட்டங்களில் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சாவுச் செலவுக்கு ஒழுங்கு செய்து வைத்திருக்கிறீர்கள். சாவுக்கு முன்னால் வரப்போகிற இருபது வருடத்துக்கு என்ன ஒழுங்கு?"

பெரும்பாலும் வரும் பதில் இரண்டுதான். "கை கால் ஏலுமட்டும் உழைப்பம் பிள்ளை. அதுக்குப் பிறகு கடவுள் விட்ட வழி" என்பது ஒன்று. "பிள்ளையள் பாப்பினம்தானே" என்பது மற்றது. கூட்டத்தின் பின்வரிசையில் பதில் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சிலரும் இருப்பார்கள். பிள்ளைகளைப் போரிலே பறிகொடுத்த தாய்மார் அவர்கள். இந்த மாதம் இந்தப் பகுதியில் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2009 மே மாதத்தில் 35 வயதில் கணவனை இழந்த ஒரு பெண் 2034 இல் 60 வயதை அடைவார். 1990களில் அதே வயதில் கணவனை இழந்தவர்கள் ஏற்கனவே 60ஐத் தாண்டிவிட்டார்கள். இலங்கையில் பெண்களின் சராசரி ஆயுள் 78 வயதைத் தாண்டியது என்பதை 2011 - 2013 காலத்துக்கான ஆயுள் அட்டவணையே காட்டிவிட்டது. ஆண்களுக்கு அது 72. ஆகவே 60க்குப் பின்னர் 18 வருடமோ, 20 வருடமோ வாழவேண்டியிருக்கும். நாட்டின் நிலையும் அதுதான். 2012 குடிசன மதிப்பீட்டில் 100 பேரில் ஏறக்குறைய 8 பேர்தான் 65 வயதைத் தாண்டியவர்களாக இருந்தார்கள். 2024 மதிப்பீட்டில் அந்தத் தொகை 12க்கு மேல் போய்விட்டது. முதியவர்கள் கூடுகிறார்கள், அவர்களைப் பார்க்கும் இளையவர்கள் குறைகிறார்கள்.

முன்பு இருந்த ஒழுங்கு

எங்கள் பாட்டிமாருக்கு வங்கிப் புத்தகம் இருக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்கு ஒரு 'பென்சன்' இருந்தது. காணியும் பிள்ளைகளும்தான் அந்தப் பென்சன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் ஒரு சிறு குடிலில் இருந்துகொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் சீதன வீட்டில் மகளோடு ஒரு அறை தாய்க்கு இருக்கும். ஐந்தாறு பிள்ளைகளில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்ப்பார். பென்சன் என்ற பெயர் மட்டும்தான் அதற்கு இல்லை.

போர் அந்த ஒழுங்கின் இரண்டு கால்களையும் உடைத்துவிட்டது. பார்க்கவேண்டிய பிள்ளைகளில் சிலர் இல்லை. சிலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். காணி இருந்தாலும் உறுதி இல்லை, உறுதி இருந்தாலும் அது காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கிறது. அடுக்கடுக்கான இடப்பெயர்வுகளில் தாலிக்கொடி முதல் காப்பு வரை விற்றாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் இன்று இரண்டு பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவர் வெளியூர் போனால் மற்றவர்மேல் முழுப் பாரமும் விழுகிறது.

எனவே 'பிள்ளைகள் பார்ப்பார்கள்' என்பது இன்று தானாக நடக்கிற காரியம் அல்ல. பேசி, எழுதி, சேர்த்து ஒழுங்கு செய்யவேண்டிய காரியமாகிவிட்டது. பிள்ளைகளில் நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளால் காப்பாற்றக்கூடிய அளவுக்கு, நாமும் ஒரு பங்கு வைத்திருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் அடிக்கடி காண்கிற ஒரு நிலையைச் சொல்கிறேன். தனித்து நின்று மகளை வளர்த்த தாய். நாலு பரப்புக் காணி, அதிலே வீட்டுத் திட்டத்தில் கட்டிய கல்வீடு. மகளுக்குக் கலியாணம் பொருந்தி வருகிறது. நொத்தாரிசு, "அம்மா, சீவிய உரித்து வைத்து எழுதவோ?" என்று கேட்கிறார். தாய்க்கு அது வெட்கமாகப் படுகிறது. "என்ர பிள்ளைதானே. எனக்கேன்?" என்று முழுவதையும் எழுதிவிடுகிறாள்.

மூன்று வருடம் கழித்து மருமகன் வெளிநாடு போக முயல்கிறார். முகவருக்குக் கொடுக்கக் காணி ஈடு வைக்கப்படுகிறது. பயணம் சரிவரவில்லை. கடன் ஏறுகிறது, காணி கைமாறுகிறது. மகள் வாடகை வீட்டுக்குப் போகிறாள். தாய் தன் தங்கையின் வீட்டு விறாந்தையில் படுக்கிறாள். இதிலே கெட்டவர் என்று யாரும் இல்லை. மகள் தாயை விரட்டவில்லை. மருமகன் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் தாய் கட்டிய வீட்டிலே தாய்க்கு இடமில்லாமல் போய்விட்டது.

சீவிய உரித்து வைத்து எழுதுவது என்றால், காணி மகளுக்குத்தான், ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அந்த வளவின் பயனை அனுபவிக்கவும் தாய்க்கு உரிமை உண்டு. அந்தக் காணி பின்னர் யார் கைக்குப் போனாலும் அந்த உரிமை அழியாது. இது பிள்ளைமேல் வைக்கும் சந்தேகம் அல்ல. அவசரத்திலே வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாதபடி மகளுக்கும் அது ஒரு காவல்.

கொடுத்த பின் திருப்பி எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடை உறுதியை, பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று நீதிமன்றத்திலே நிரூபித்தால்தான் நீக்கலாம் என்று 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பெற்ற மகள் நன்றிகெட்டவள் என்று எந்தத் தாய் நீதிமன்றப் படியேறி நிரூபிப்பாள்? ஆகவே யோசிக்கவேண்டியது கையெழுத்துக்கு முன்னர்தான்.

வன்னியிலும் குடியேற்றத் திட்டங்களிலும் பலரிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல, 'பெமிற் காணி'. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் அது. பெரும்பாலும் கணவரின் பெயரில் இருக்கும். கணவர் இறந்தபின் அந்தக் காணியில் தொடர்ந்து இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பதிந்துகொள்ளாமல் பத்து, பதினைந்து வருடமாக அப்படியே விட்டிருக்கிறவர்கள் அநேகர். பதிவு இல்லாவிட்டால் நாளைக்குக் கணவரின் சகோதரர்களோ பிள்ளைகளோ தங்களுக்குள் பிணங்கும்போது உங்கள் வார்த்தைக்கு வலு குறைந்துவிடும்.

கணவர் காணாமற்போனவர் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். இறந்தார் என்று எழுதிக்கொடுக்க மனம் ஒப்பாத பெண்களை எனக்குத் தெரியும். அந்த மனதை யாரும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்காகவே 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஏற்பாடு வந்தது. அது கணவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அவரைத் தேடும் உரிமையையும் பறிப்பதில்லை. ஆனால் அதைக் கொண்டு நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கலாம். இன்னொன்று: தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்த அனுமதியைக் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் வசதி குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை உண்டு. தரகரிடம் போகமுன் அங்கே போங்கள்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில்

பணத்தைப் பற்றிப் பேசும்போது பலர் அரச உதவியைத்தான் முதலில் கேட்கிறார்கள். குறைந்த வருமானமுள்ள, 70 வயதைத் தாண்டிய முதியோருக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் அது 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டமும் இருக்கிறது. இவற்றை வாங்குவதில் கூச்சம் வேண்டாம். 'பிச்சைச் சம்பளம்' என்று எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விட்ட கிழவிகள் இருந்தார்கள். அது பிச்சை அல்ல. ஒரு போத்தல் எண்ணெய் வாங்கும்போதும் ஒரு பெட்டி நெருப்புக்குச்சி வாங்கும்போதும் வாழ்நாள் முழுவதும் நீங்கள் வரி கட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதியோர் கொடுப்பனவு 70இல்தான் தொடங்குகிறது. கூலி வேலைக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடுவது 58, 60 வயதோடு குறைந்துவிடும். குனிந்து நாற்று நட முடியாது, வெயிலில் நிற்க முடியாது. இடையிலே வரும் அந்தப் பத்து வருடத்துக்கு யார் பொறுப்பு? எங்கள் பெண்கள் கடன்படுவதும், இருந்த நகையை அடைவு வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பத்து வருடத்தில்தான். உங்கள் சொந்தச் சேமிப்பு அந்த இடைவெளிக்குப் பாலமாக இருக்கவேண்டும்.

பாலம் கட்ட என்ன வழிகள்?

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் முதலில் ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டால் முதலாளி 12 வீதம் போடவேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்டவேண்டும். புடைவைக் கடையில் நிற்கிற பெண்ணுக்கும், தனியார் பள்ளியில் படிப்பிக்கிற பெண்ணுக்கும் இது உண்டு. "எனக்கு அங்கத்துவ இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். கேட்டுப் பதில் இல்லாவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம்.

இந்த நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்ணும் எடுக்கலாம். ஆடைத் தொழிற்சாலையில் ஐந்தாறு வருடம் வேலை செய்த பிள்ளைகள் பலர் அதைக் கலியாணக் காசு என்றே நினைத்து எடுத்து, மண்டபத்துக்கும் சேலைக்கும் செலவழித்துவிடுகிறார்கள். தங்கைமாரே, அது உங்கள் கலியாணக் காசு அல்ல, கிழவியான பின் நீங்கள் குடிக்கப்போகிற கஞ்சிக் காசு. முடிந்தவரை தொடாதீர்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு பகுதியையாவது உங்கள் பெயரில் வைப்பில் இடுங்கள்.

சுயதொழில் செய்கிறவர்களுக்கு 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. தையல், கோழி வளர்ப்பு, சிறு கடை என எதைச் செய்பவரும் 60 வயதுக்குள் சேரலாம். இளவயதில் சேர்ந்தால் கட்டவேண்டிய தொகை சிறியது, பிந்திச் சேர்ந்தால் பெரியது. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாகின. பயிர் செய்கிறவர் பெண் என்றாலும் அவரும் விவசாயிதான். கணவர் கட்டிவந்த சந்தாவை இடையில் விட்டிருந்தால், அவருடைய பதிவு என்ன ஆயிற்று என்று கமநல சேவை நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

எந்தத் திட்டமும் இல்லாவிட்டாலும் சிக்கன, கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஊரில் இருக்கும். ஒரு நாளைக்கு 35 ரூபா ஒதுக்கினால் மாதம் ஆயிரம் ரூபா தேறும். 15 வருடத்தில் வட்டி இல்லாமலே 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இது பெரிய தொகை அல்ல. ஆனால் ஒரு நாள் நடு இரவில் ஆட்டோ பிடிக்க யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

பணம் மட்டும் போதாது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியது. பத்து வருடமாகச் சேர்த்த காசு ஒரே வருடத்தில் அரைக் காசாகத் தேய்ந்ததை எல்லோரும் கண்டோம். ஆகவே முழுவதையும் வங்கிப் புத்தகத்தில் வைப்பதும் புத்தியல்ல. கொஞ்சம் காசாக இருக்கட்டும். கொஞ்சம் பொன்னாக இருக்கட்டும், ஆனால் அடைவில் கிடக்கிற பொன் சேமிப்பு அல்ல. தவணை தவறினால் அது ஏலத்தில் போய்விடும்.

கொஞ்சம் மண்ணிலும் இருக்கட்டும். முகமாலை, பளைப் பக்கத்தில் தலையிழந்து நின்ற தென்னைகளை நாங்கள் மறக்கமாட்டோம். ஒரு தென்னம்பிள்ளை நட்டு ஆறேழு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். 45 வயதில் பத்துப் பிள்ளை வைக்கிற பெண்ணுக்கு 52 வயதில் தேங்காய் வரும். அதன் பின்னர் அவர் ஆயுளுக்கும் அது காய்க்கும். கிணற்றுத் தண்ணீர் அருகில் இருக்கும் வளவில் இதைவிட உறுதியான ஓய்வூதியம் எனக்குத் தெரியாது. முருங்கை, தேசி, கறிவேப்பிலை, நாலு கோழி எல்லாம் அதே கணக்கில்தான் சேரும்.

கடனோடு முதுமைக்குள் போகாதீர்கள். வாராந்தத் தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் நிற்கும் நுண்கடன் எங்கள் பெண்களை எப்படி வாட்டியது என்று சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களை அரசே பொறுப்பேற்கவேண்டிய நிலை வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் வரமாட்டார். 55 வயதுக்குப் பிறகு இன்னொருவரின் கடனுக்குப் பிணை நிற்பதையும் நிறுத்துங்கள். அது மகனாக இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

உடம்பும் ஒரு முதல்தான். சலரோகமும் பிரசரும் சத்தமில்லாமல் வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களை விசேடமாக அழைக்கின்றன. மார்பும் கருப்பைக் கழுத்தும் அங்கே பரிசோதிக்கப்படுகின்றன. செலவு இல்லை. "எனக்கென்ன வருத்தம்? நான் ஏன் போக?" என்று சொல்லாதீர்கள். செல் துண்டு உடம்பில் இருப்பவர்களுக்கும் ஒரு கால் இழந்தவர்களுக்கும் முதுமை மற்றவர்களைவிட முந்தி வருகிறது. செயற்கைக் கால் வைத்திருப்பவர்கள் அது பொருந்தாமல் போகும்போது பொறுத்துக்கொண்டு நடக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் இந்தப் பணியைச் செய்துவருகிறது.

வீட்டிலே ஒரு சின்ன வேலை. மலசலகூடம் வளவின் மூலையில் இருந்தால், இருந்து எழும்பும் வகையில் ஒரு இருக்கையும் சுவரில் ஒரு கைபிடியும், போகும் வழியில் ஒரு மின்குமிழும் போட்டுவிடுங்கள். வயது போனவர்கள் அந்த வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுண்டு.

யார் பார்ப்பார்கள்?

மிகக் கடினமான கேள்வி இதுதான். பராமரிப்பு என்பது அன்பு மட்டும் அல்ல, அது ஒரு வேலை. அந்த வேலை எங்கள் சமூகத்தில் எப்போதும் ஒரு மகளின் தலையிலேயே விழுகிறது. வெளிநாட்டு மகன் காசு அனுப்புகிறார், ஊர் முழுவதும் அவரைப் புகழ்கிறது. இரவிலே மூன்று முறை எழும்பித் தாயைக் கைபிடித்துக் கூட்டிப் போகிற மகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளால் வேலைக்குப் போக முடியாது, சேமிக்க முடியாது. அவளுடைய முதுமை இன்னும் வறுமையாகிறது. ஆகவே குடும்பமாக இருந்து பேசுங்கள். காசு தருபவர் யார், உடலுழைப்புத் தருபவர் யார், அவருக்கு மாதத்தில் சில நாள் ஓய்வு கொடுக்க வருபவர் யார் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். பார்க்கிற பிள்ளைக்குச் சொத்திலோ சேமிப்பிலோ ஒரு பங்கு கூட வைப்பது அநீதி அல்ல.

பிள்ளைகள் கைவிட்டால் சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக்கூடாது என்கிறது. பராமரிப்புச் சபையிடம் முறையிட்டு மாதாந்தப் பணம் கோரலாம். பிள்ளைக்கு எதிராக மனுக்கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சோறு கேட்பது கெஞ்சல் அல்ல, உரிமை என்று தெரிந்திருப்பதே ஒரு பலம்.

பிள்ளைகளே இல்லாதவர்கள்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த தாய் தந்தையரில் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டார்கள். பிள்ளையைத் தேடியே முதுமை வந்துவிட்ட தாய்மார் அவர்கள். அவர்கள் தங்களுக்கென்று எதையும் சேர்க்கவில்லை, சேர்க்கும் மனமும் இருக்கவில்லை. இவர்களுக்கு மகனின் இடத்தில் நிற்கவேண்டியது ஊர்தான்.

அரச முதியோர் இல்லம் கைதடியில் இருக்கிறது. அங்கே போவது அவமானம் அல்ல. ஆனால் தன் வளவையும் வேப்பமரத்தையும் விட்டுப் போக விரும்பாதவர்கள்தான் அநேகர். அவர்களுக்காக மாதர் சங்கங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மரண உதவிச் சங்கத்தை நடத்தத் தெரிந்த ஊருக்கு முதுமை உதவி நிதி ஒன்றை நடத்துவது கடினமா? அதே சந்தாப் புத்தகம், அதே பொருளாளர், அதே மாதக் கூட்டம். வீட்டுக்கு மாதம் 50 ரூபா கூடுதலாகக் கட்டினால், 60 வீடுள்ள ஊரில் மாதம் 3000 ரூபா சேரும். தனித்திருக்கும் இரண்டு அம்மாமாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆட்டோச் செலவுக்கும், காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுக்கும் அது காணும். பணத்தைவிடப் பெரியது, காலையில் கதவு திறக்காவிட்டால் போய்த் தட்டிப் பார்க்க ஒரு பெயர் பட்டியலில் இருப்பது. கிராம அலுவலர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து இதைச் செய்யலாம்.

இந்த மாதத்திலேயே செய்யக்கூடியவை

1. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காணி உறுதி அல்லது பெமிற், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஓடிய நாட்களில் ஒரு பையில் உயிரைக் காவிய எங்களுக்கு இது புதிதல்ல.

2. பிறப்புப் பதிவு கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 70 வயதில் தொடங்கினால் கொடுப்பனவு பிந்தும்.

3. 60 வயதைத் தாண்டியவர்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுங்கள்.

4. சேமிப்புக் கணக்கிலும் சேமலாப நிதியிலும் பின்னுரித்தாளர் பெயர் யாருடையது என்று பாருங்கள். இறந்தவரின் பெயரோ காணாமற்போனவரின் பெயரோ இருந்தால் மாற்றுங்கள்.

5. கொடுப்பனவுகளின் தொகையும் விதிகளும் மாறுபவை. வருடத்துக்கு ஒருமுறையாவது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள்.

6. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இருத்தி, "நான் படுக்கையில் விழுந்தால் என்ன செய்வம்?" என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். அவர்கள் தொடங்கமாட்டார்கள். அது உங்கள் சாவைப் பற்றிப் பேசுவதாக அவர்களுக்குத் தோன்றும்.

தனக்கு மிஞ்சியே தானமும் தருமமும் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். அதைத் தன்னலம் என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பிள்ளைக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதைத்தான் தாய்மை என்று நாங்கள் பழகிவிட்டோம். பிள்ளைக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைக்கிற தாய், தனக்கென்று ஒரு கூரையும் ஒரு சிறு தொகையும் வைத்திருப்பதே பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி.

உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பகுதியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். முதுமை உதவி நிதி பற்றி என்ன முடிவு எடுத்தீர்கள், எது இடைஞ்சலாக இருந்தது என்று எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றை மற்ற ஊர்ச் சகோதரிகளோடும் பகிர்ந்துகொள்வோம்.